குடையை விரிக்காத மனிதர்

கண்ணு,

போன் பண்ணலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் கம்பெனி நம்பர் என்னிடம் இருக்கிறது. நீ எடுத்து, "சொல்லுங்கப்பா" என்பாய். அதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை வராது. மெஷின் சத்தத்தில் நீயும் இரண்டு தரம் ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். டெலிவரி சலானைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாத கை இது, கோணல்மாணலாகத்தான் போகும். பொறுமையாகப் படி. முடிந்தால் ஜெயாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி. அவள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. வாயால் இன்னும் சொன்னதில்லை.

உன் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நீ போய் ஒன்றரை வருடம். ராயபுரத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது மேலே ஒரு அறை, கீழே இரண்டு அறை என்று நான் மேஸ்திரியிடம் மல்லுக்கட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது அதில் இரண்டு அறைகளைப் பெருக்குவதற்காக மட்டும் திறக்கிறார்கள். சமையலுக்கு வரும் அம்மா காலை பத்து மணிக்கு வேலையை முடித்துவிட்டுப் போனால், மறுநாள் அவர் வந்து காபித் தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்லும்வரை இந்த வீட்டில் மனிதப் பேச்சு கிடையாது. டி.வி. பேசிக்கொண்டிருக்கும். அது யாரையும் விசாரிப்பதில்லை. கம்பெனியையும் மூடிவிட்டதால், காலையில் சட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் எங்கும் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வருகிறது. அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் குண்டடத்துத் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு வந்துபோன ஆட்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

உனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும்போது நாம் அங்கேதான் இருந்தோம். ஊர் என்று சொன்னால் வீதியும் தேர்முட்டியும் இருக்கிற ஊர் இல்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடு, அதைச் சுற்றிக் கிளுவை வேலி, இரண்டு வேலிகளுக்கு நடுவே வண்டி போகிற அளவுக்கு ஒரு இட்டேரி. வேலியில் வழிவிட்ட இடத்தில் மரத்தடுப்பு வைத்த கடவு. அந்தக் கடவைத் தாண்டி யாராவது வந்தால்தான் உன் அம்மாவுக்கு என்னைத் தவிர இன்னொரு முகம் தெரியும். அதனால்தானோ என்னவோ, வழிப்போக்கர்கள் யார் வந்தாலும் அவளுக்குச் சொந்தக்காரர் வந்தது மாதிரிதான். நான் அப்போது கேலி செய்வேன். தனியாக இருப்பது என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடி எண்ணிக்கொண்டு வருகிறவரை உனக்கு மறந்திருக்காது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எத்தனை அடி என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு அக்கறை கிடையாது. உதடு அசைந்துகொண்டே வரும். கடவை அடைந்ததும் அந்த எண்ணைச் சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். நீ ஒரு நாள் பாதி வழியில் போய், "எங்க போறீங்க" என்று கேட்டுவிட்டாய். எண்ணிக்கை விட்டுப்போன மனிதர் தலையில் அடித்துக்கொண்டு புறப்பட்ட வீட்டுக்கே திரும்பிப் போய், முதலிலிருந்து எண்ணிக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தார். உன் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டாள். இன்னொரு அம்மா ஒரு வெள்ளாட்டோடு வருவார். மனிதர்களிடம் பேசமாட்டார், ஆட்டிடம் மட்டும்தான் பேசுவார். அவருக்குப் பசித்தால், "உனக்குப் பசிக்குதா" என்று ஆட்டைக் கேட்பார். நாம் ஆட்டுக்குத் தழையும் அவருக்குச் சோறும் வைக்க வேண்டும். சோற்றில் உப்புக் குறைந்தால் ஆட்டிடம் புகார் சொல்வார்.

இவர்களில் குடைக்காரர் வேறு மாதிரி. தை மாதம் சோளத்தட்டு அறுத்துப் போர் போட்ட பிறகுதான் வருவார். எந்த ஊர், யார் மகன் என்று யாருக்கும் தெரியாது. வெளுத்த வேட்டி, தோளில் ஒரு பை, கையில் ஒரு குடை. வெயிலானாலும் மழையானாலும் அந்தக் குடையை விரிக்கமாட்டார். ஒரு வருடம் திடீர் மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றபோது உன் அம்மா தாங்க முடியாமல் கேட்டேவிட்டாள். அதற்கு அவர், "இது எனக்கில்லீங்க, சாமி. ஆராச்சும் கூட நடந்து வந்தா அவிங்களுக்குப் புடிக்கறதுக்குங்க" என்றார். இத்தனை வருடத்தில் யாராவது வந்திருக்கிறார்களா என்று நான் கிண்டலாகக் கேட்டேன். "இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்தார். உன் அம்மா என்னை முறைத்த முறைப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கடவுக்கு வெளியே வந்து நின்று, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர் வேலியில் என்னமோ தேடுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிடமாட்டார், கனைக்கமாட்டார். வீட்டில் இருக்கிறவர் பார்த்து, "வாங்க" என்று சொன்னால்தான் திரும்புவார். சொல்லாவிட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யாருக்கும் சங்கடமில்லாமல் அப்படியே நடந்துவிடுவார். உள்ளே வந்து திரும்பிப் போகும்போது, மாடு வெளியே போகாதபடி கடவைச் சாத்தி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். இதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவில்லை. நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஒரு வார்த்தையின் அருமை தெரியும். உன் அம்மாவின் பெரிய மாமன் ஒரு காதுகுத்துக்கு வந்து, வாசலில் யாரும் "வாங்க" சொல்லவில்லை என்று, கொண்டுவந்த சீர்த் தட்டோடு பஸ் ஏறிப் போய்விட்டார். பந்தியில் இலை போட்டதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. பதினோரு வருடம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லாமல் இருந்தது. வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

நாம் சாளையைப் பண்ணையத்து ஆளிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்தது உனக்குத் தெரியும். கிளம்புகிற வருடம் குடைக்காரர் வந்தபோது, திருப்பூர் பக்கம் வந்தால் நம் வீட்டுக்கு வராமல் போகக்கூடாது என்று நான்தான் பெரிதாகச் சொன்னேன். ராயபுரத்தில் எங்கே என்று அடையாளமும் சொன்னேன். மனிதர் அதைப் பையில் போட்டு வைத்துக்கொண்டார். இரண்டு, மூன்று வருடம் கழித்து ஒரு நாள் பதினோரு மணிவாக்கில், வீட்டை ஒட்டியிருந்த நம் பனியன் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். வழியில் விசாரித்து விசாரித்து, நடந்தே வந்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர். வெளிநாட்டு பையர் வந்து, நம் நாலு பவர் டேபிள் தையல் மெஷினையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தெரிந்த இருபது இங்கிலீஷ் வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா செக்கிங் டேபிளிலிருந்து எழுந்து, கையில் நூல் வெட்டுகிற கத்திரியோடு வந்து, "ஏனுங்க, குடைக்காரர் வந்து நிக்கறாருங்க" என்றாள். எட்டிப் பார்த்தேன். அழுக்கு வேட்டி, புழுதிக் கால், அந்தக் குடை. பையர் இதைப் பார்த்தால் நம்மை என்ன நினைப்பான் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து நானே போய்க் கூப்பிடுகிறேன், நீ போகாதே என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் போயிருந்தால் அவர் உள்ளே வந்திருப்பார். நான் தடுத்தேன். இதை நன்றாகத் தெரிந்துகொள், மறந்துபோய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறை ஜன்னல் பக்கம் போகும்போதும் அந்த முதுகு எனக்குத் தெரிந்தது.

சாப்பாட்டு நேரம்வரை நின்றிருக்கிறார். பையரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் போய்ப் பார்த்தபோது வீதியில் யாரும் இல்லை. லோடு வண்டிக்காரன் அகலத் திறந்து போட்டுவிட்டுப் போன நம் கேட், சாத்திக் கொக்கி மாட்டியிருந்தது. உன் அம்மா பின்னாலேயே வந்து நின்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். "ஒரு வார்த்தைதானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆர்டர் கிடைத்தது. அன்று சாயந்திரம் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். அவள் தன் பங்கை எடுக்கவில்லை.

அடுத்த தை மாதம் குடைக்காரர் சாளைக்கும் வரவில்லை என்று பண்ணையத்து ஆள் சொன்னார். செத்துப்போயிருப்பாரோ என்று உன் அம்மா பயந்தாள். நான் தோட்டம் பார்க்கப் போயிருந்த ஒரு நாளில், அடி எண்ணுகிறவர் வந்தார். அவரிடம் கேட்டேன். "கெழக்கால இட்டேரியில சுத்திப் போறாருங்க. நேரா வந்தா உங்க கடவு வழிதான். சுத்துனா ஆயரத்தி எரநூறு அடி சாஸ்திங்க" என்றார். அவருக்கு அது வெறும் எண். எனக்கு அது என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வயதான மனுஷன், என் வாசலைப் பார்க்க வேண்டாம் என்று அத்தனை தூரம் கூடுதலாக நடந்துகொண்டிருந்தார்.

இதுவரை உனக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். இனிமேல் சொல்லப்போவது உன் அம்மாவுக்கே தெரியாது. அதற்கடுத்த தை மாதம் அவள், "போயிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்று என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். மூன்று நாள் அந்தக் கிழக்கு இட்டேரி வளைவில் வெள்ளவேல மரத்தடியில் காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை அவர் வந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் நடையை நிறுத்தி, எனக்கு முதுகைக் காட்டி, வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவர் எனக்கு இடம் கொடுத்தார், கண்ணு. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. அப்போது ஒரு நினைப்பும் கூடவே வந்தது. நான் சொல்லி, அவர் திரும்பாமல் போய்விட்டால்? பத்து நாளைக்கு முன் கார் வாங்கியவன், நாலு பேர் முதலாளி என்று கூப்பிடுகிறவன், கேட்பாரற்ற ஒருத்தர் பின்னால் இட்டேரியில் கூவிக்கொண்டு நிற்பதா? அவராகத் திரும்பி, "நல்லா இருக்கீங்களா சாமி" என்று கேட்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் வெகுநேரம் நின்றார். எங்கோ ஒரு செம்மறிக் கூட்டம் கத்திக்கொண்டு போயிற்று. அப்புறம் அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாக நடந்து போய்விட்டார். வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவரைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன், அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "பாவம், ரொம்ப மனசு ஒடஞ்சு போயிட்டாரு" என்றாள். சாகும்வரை அதையே நம்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட ஒரு தரம், குடைக்காரர் கோபம் தணிந்து என்றைக்காவது வந்தால் பார்க்கத் தான் இருக்கமாட்டோமே என்று குறைப்பட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேனே தவிர, சொல்லவில்லை. என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே ஒருத்தி போய்விட்டாள். அது லேசான சுமை இல்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில், தூறல் விட்ட ஒரு காலையில் நீயும் ஜெயாவும் வந்து கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். நான் முன்வாசல் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். சொந்தத்தில் பேசிவைத்த பெண் இருக்க, விருதுநகர் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில், நம் செக்கிங் டேபிளில் வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் சாதி வேறு, சாமி வேறு. நானும் அவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டியவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் நான் பேசாமல் இருந்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோபம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. உங்களைக் கேட்டில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களையும், வாயைத் திறந்தால் குரல் உடைந்துவிடும் என்பதையும் நினைத்துக்கொண்டு, பேப்பரில் ஒரே வரியை ஏழெட்டுத் தரம் படித்தேன்.

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏன் உள்ளே போகவில்லை என்று அந்தப் பெண் உன்னைக் கேட்டது, நீ தாழ்ந்த குரலில் என்னமோ சொன்னாய். உடனே அது எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்தது. அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்காமல், குடைக்காரரைப் பற்றித் தெரியாமல், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று திரும்பிக்கொண்டது. நீங்கள் போகும்போது அவள்தான், எனக்கென்று வாங்கி வந்த ஆரஞ்சுப் பையைக் கேட்டுத் தூண்மேல் வைத்துவிட்டு, கேட்டைச் சாத்தி, கொக்கியை மாட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். அந்தப் பழத்தைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, சாப்பிடவும் கை போகவில்லை. நான்காம் நாள் ஒன்றை உரித்தேன். நல்ல இனிப்பு. அதைச் சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

போன மாதம் முட்டி வலிக்காக டாக்டர் கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னார். கைத்தடி வைத்தால் கிழவன் என்பார்கள் என்று ஒரு நீளக் குடையை எடுத்துக்கொண்டேன். இந்த வீம்பு என்னை எரிக்கிற வரைக்கும் இருக்கும். அந்தக் குடையை ஊன்றிக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வேலம்பாளையத்துக்கு வருகிறேன். உங்கள் காலனி முனையில் டீக்கடைக்கு எதிரே நிற்பேன். ஒரு நாள் நீ வண்டியில் என்னைத் தாண்டிப் போனாய். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது, யார் மாதிரி நிற்கிறேன் என்று.

போன ஞாயிறு ஜெயா குழாயடிக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக ரோட்டைக் கடந்து வந்தாள். "வாங்க மாமா. ஏன் இங்ஙனயே நிக்கீங்க? வீட்டுக்கு வாங்க" என்றாள். ஒரு யோசனை இல்லை, ஒரு கணக்கு இல்லை. நான் பதினைந்து வருடமாகத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிற வார்த்தையை, அந்தப் பெண் மூச்சுவிடுகிற நேரத்தில் சொல்லிவிட்டது. ஒரு வேலையாக இந்தப் பக்கம் வந்தேன் என்று பொய் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன்னிடம் அவள் சொன்னாளோ என்னவோ, சொல்லாமல் இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. பஸ் திரும்பும்போது பார்த்தேன், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் குனிந்து குடத்தை எடுத்தாள். கண்ணில் புரை விழுந்தாலும் அதுகூடத் தெரியாத அளவுக்கு நான் குருடனாகவில்லை. ஐந்து மாதம் இருக்குமா? நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி நான் நடந்துகொள்ளவும் இல்லை. இனிமேல் தண்ணீரை நீ எடு.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்கிற பாத்தியத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் வாசலுக்கு யார் வந்து நின்றாலும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து போய்ச் சொல்லிவிடு. அடுத்த நிமிஷத்துக்குத் தள்ளிவைத்தால் அது வாயிலேயே கிடந்து கெட்டியாகிவிடுகிறது. பிறகு உடைக்க முடிவதில்லை. எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன். வீதி முனையில் நிற்கமாட்டேன். ஜெயா மறுபடியும் கூப்பிட வேண்டியதில்லை, அவள் போன வாரம் சொன்னதையே பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன். ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பேன். அப்புறம் உங்கள் இரண்டு பேரையும் நம் வீட்டுக்குக் கூப்பிடப் போகிறேன். அந்த வார்த்தையை இதில் எழுதி அனுப்பியிருக்கலாம், காகிதத்தில் எழுதுவது எனக்குச் சுலபம். நம் வழக்கப்படி அது செல்லாது. முகத்தைப் பார்த்து வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் உன் அப்பனை உனக்குத் தெரியும். உங்கள் முன்னால் உட்கார்ந்து சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாலும் இருப்பேன். அப்போது எழுந்து போய்விடாதே, கண்ணு. அவளையும் இருக்கச் சொல். குடைக்காரர் அந்த இட்டேரியில் நின்றதைவிட இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக எனக்காக இருங்கள். சொல்லிவிடுவேன்.

உன் அப்பா